அரை மணி நேரம் பிந்திய கணினி

பதினொரு நாளாக ஒரே வரி என்னைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிச் சொன்னாலும் அதன் அர்த்தம் இவ்வளவுதான்: நீ கூப்பிட்ட பேரில் இங்கே யாரும் இல்லை. கம்பியூட்டரின் கேர்னலுக்குள் ஒரு மூலையில் இருந்த நிரல் இன்னொரு மூலையில் இருக்கவேண்டிய ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அந்தப் பெயரில் எதுவும் அகப்படவில்லை. அத்தோடு கொம்பைல், அதாவது நிரலைக் கம்பியூட்டரின் மொழிக்கு மாற்றும் வேலை, நின்றுவிட்டது. இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வலையில் தேடினால் ஐந்து நிமிடத்தில் விடை என்பார்கள். அந்த நாளில் கண்டியில் எனக்குத் தெரிந்து இந்தச் சோலிக்குள் தலையைக் கொடுத்த ஒரே மடையன் நான்தான். கேட்க ஒருவரும் இல்லை.

நான் வேலை செய்தது நகரத்துக்குள், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பியூட்டர் வகுப்பில். முதலாளி அக்குறணைக்காரர். துணி வியாபாரத்தில் இருந்து கம்பியூட்டருக்கு மாறியவர். எல்லாவற்றையும் ‘மெசின்’ என்பார். பன்னிரண்டு மெசின் இருந்தது, தொலைபேசி இணைப்பு ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டிலும் ஒரே நேரத்தில் இன்டர்நெட் வரவேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு நடுவில் ஒரு மெசின் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடினால் போதும் என்று வாயைக் கொடுத்தவன் நான். அவரும் கொழும்பில் ‘புது மெசின்’ ஒன்று வாங்கி வந்தார். யாரோ இரண்டு வருடம் பாவித்துக் களைத்த புதுசு. அதில் இருந்த நெட்வேர்க் கார்ட்டைப் பழைய கேர்னலுக்குத் தெரியாது. கேர்னல் என்பது இயங்குதளத்தின் கரு; அது அடையாளம் காணாத கார்ட் வெறும் தகரம். புதிய கேர்னலின் மூலநிரல் இந்தியச் சஞ்சிகை ஒன்றோடு வந்த சீடியில் கிடைத்தது. அதை நாமே கொம்பைல் செய்து ஏற்றவேண்டும். “ரெண்டு நாள் வேலை” என்று சொன்னேன்.

இரண்டு நாள் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. எனக்கு அந்த மெசின் ஓடவேண்டும், முதலாளிக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு அதிகமாக.

என் மனைவி வன்னியில் இருந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து போய், தகப்பனும் மகளுமாக ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். தாய் முன்பே காலமாகிவிட்டார். அவள் ஒரே பிள்ளை. நான் பேராதனையில் படித்து முடித்துக் கண்டியிலேயே தங்கிவிட்டவன். இராணுவத்திடம் பாஸ் எடுத்து அங்கே போய்த் தாலி கட்டி, இருபத்திரண்டு நாள் கூட இருந்துவிட்டு, வேலை என்று திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு சண்டையைச் சொல்லி எனக்குப் பாஸ் தரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். ஒன்றாக வாழ்ந்தது இருபத்திரண்டு நாள். அங்கே தொலைபேசி கிடையாது. கடிதம் வர ஒரு மாதம் எடுக்கும், சிலவேளை இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நகரத்தில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கொமினிகேஷன் கடைக்குள் போய், சுவரில் ஒட்டியிருக்கும் நாடுகளின் இலக்கங்களை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு வெளியே வருவேன். கனடா, நோர்வே, சுவிஸ் எல்லாம் இருந்தது. நூறு மைலுக்குள் இருக்கும் என் வீட்டுக்கு இலக்கம் இல்லை. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் அனுபவிக்கவில்லை, பின்னும் அனுபவிக்கவில்லை.

வன்னியில் இருந்து வெளியே வருகிறவர்களை வவுனியாவில் முகாமில் வைத்திருப்பார்கள். தெற்கே வேலையும் விலாசமும் உள்ள ஒருவர் பொறுப்பேற்று, வேலை கொடுத்தவரும் கையெழுத்து வைத்தால்தான் விடுவார்கள். அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கேட்டேன். அவர் நல்ல மனுசன்தான், ஆனால் பயந்தவர். அந்த நாளில் யார்தான் பயப்படவில்லை?

“தம்பி, நீங்க இன்னம் நிரந்தரமில்லையே. நாளெக்கி நீங்க வேறெங்கயும் போயிட்டா பொலிசில நானெல்லா மாட்டுற?” என்றார். “இந்த மெசின ஓட வைங்க. பார்ட்னர்ட்டயும் காட்டி ஒங்கள நிரந்தரமாக்குறேன். அன்னேரமே கடிதத்த தாரேன், இன்ஷா அல்லாஹ்.”

கடிதத்தை எப்படி அனுப்புவது என்பதும் தீர்மானமாகி இருந்தது. வன்னியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலைசெய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண் சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்திருந்தார். “தந்தா கையோட கொண்டுபோய்க் குடுப்பன். ஆனா அடுத்த சனி விடிய வவுனியா பஸ்ஸுக்குப் போயிடுவன், அதுக்குமேல லீவு இல்லை” என்றார். தபாலை நம்பினால் இரண்டு மாதம். அதற்குள் பாதையும் விதியும் எப்படி மாறும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே இரண்டாம் சனிக்கிழமைக்குள் அந்த வரி என் கண்ணில் இருந்து மறையவேண்டும்.

வகுப்புகள் நாலரைக்கு முடியும். முதலாளி ஐந்தரைக்குக் கதவைப் பூட்டுவார். நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் மெசின் எனக்கு. முழுக் கேர்னலையும் தொடக்கத்தில் இருந்து கொம்பைல் செய்ய இரண்டு மணி நேரம் வேண்டும்; ஆகவே ஒரு நாளும் முழுதாகச் செய்ய முடியவில்லை. திருத்திய துண்டை மட்டும் செய்து, மிச்சத்தைப் பழையபடி விட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டுவேன். ஒட்டும்போது பிழை வரும். பிறகு ஹாட் டிஸ்க்கைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அறைக்கு நடப்பேன். அறையில் என்னுடைய பழைய கம்பியூட்டர் இருந்தது. அதில் மாட்டி வேலையைத் தொடருவேன்.

அறை ஹந்தானைக்கு ஏறும் தெருவின் அடியில் இருந்தது. மாநகரசபையில் கிளார்க்காக இருந்த ஒருவருடைய வீடு. பின்பக்க அறையை எனக்கு விட்டிருந்தார்கள். நடந்தால் பதினைந்து நிமிடம். நடுவில் சந்தியில் ஒரு காவலரண். “மே மொகக்த?” என்று சிப்பாய் கேட்பான், இது என்ன என்று. கம்பியூட்டரின் மூளை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்வேன். மூன்றாம் நாள் இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டு, இவன் மூளையைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் என்னோடு யாரும் பேசிய ஒரே பகிடி அதுதான்.

எனக்கு நடக்கும்போதுதான் புத்தி வேலைசெய்யும். காவலரண் தாண்டும்போது, இந்த இடத்தில்தான் பிழை என்று பளிச்சென்று படும். அறைக்குள் நுழைந்ததும் போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல் அந்த இடத்தைத் திருத்தி, கொம்பைலை ஓடவிட்டு, குளிக்கப் போவேன். வீட்டுக்கார அக்கா அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பார்: “தம்பி, சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க, கரண்ட்டு போயிரும்.” குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதே வரி. நீ கூப்பிட்ட பேரில் இங்கே யாரும் இல்லை. சரி, அந்த யோசனை பிழை என்று, செய்த திருத்தத்தை அழித்துவிட்டு வேறொன்றை முயற்சிப்பேன். அது இன்னும் மோசமாகும். ஏழு மணிக்கு மின்வெட்டு, படுக்கும்வரை வராது. மெழுகுதிரியை ஏற்றி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பேன்.

இப்படி ஒரு கிழமை போனது. எனக்கு என்மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கார்ட்டைத் திட்டினேன், சீடியைத் திட்டினேன், முகம் தெரியாத அந்த நிரலை எழுதியவனைப் பரம்பரையோடு திட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு இருந்ததால் அந்த நாட்களிலும் இதே கதைதான். செவ்வாய்க்கிழமை முதலாளி படியேறி வந்து, “என்ன தம்பி, ரெண்டு நாள் வேலெ ஒம்பது நாளாகியும் முடியல்லயே?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புதன்கிழமை ஊர்க்காரரைப் பார்க்கப் போனேன். கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். “கடிதம் சரியோ?” என்றார். “நாளைக்கு” என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கண்டியில் பெய்யும் மழை பெய்தது. ஐந்தரைக்கு இறங்கியவன் சப்பாத்துக் கடை வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றேன். ஹாட் டிஸ்க் நனைந்தால் என் பாடு முடிந்தது. மழை கொஞ்சம் விட்டபிறகு நடந்தேன். புதிய யோசனை ஒன்றும் வரவில்லை. அறைக்கு வந்து, வேறு வழியில்லாமல், முதல் திங்கட்கிழமை செய்து பார்த்து அழித்த அதே திருத்தத்தை, எழுத்துக்கு எழுத்து அப்படியே, திரும்பவும் எழுதினேன். பிடிவாதம்தான், வேறொன்றுமில்லை. ஓடவிட்டேன். குளிக்கப் போகவில்லை, மழையிலேயே குளித்தாயிற்று. திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிழை வரவில்லை.

சந்தோஷம் வரமுதல் எனக்குப் பயம் வந்தது. பத்து நாளைக்கு முன் பொய்த்த அதே வரி இன்றைக்கு எப்படி மெய்யாகும்? நிரலில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. மழையில் நின்றதைத் தவிர நானும் மாறவில்லை. அப்போதுதான் திரையை மேலே தள்ளி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். இத்தனை நாளும் தினமும் ஓடிப்போன ஓர் எச்சரிக்கை அங்கே இருந்தது: சில கோப்புகளின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, மணிக்கூடு பிசகியிருக்கிறது, வேலை அரைகுறையாக இருக்கலாம். அதை நான் முதல் நாளே கண்டிருந்தேன். கண்டும் விட்டுவிட்டேன், ஏனென்றால் மணிக்கூடு ஏன் பிசகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிசக வைத்ததே நான்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மின்சாரம் மிச்சம்பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. இயக்கத்தின் கையில் இருந்த வன்னி தள்ளவில்லை. அங்கே பழைய நேரம், இங்கே புதிய நேரம். ஒரே தீவுக்குள் அரை மணி வித்தியாசம். நான் புறப்பட்டு வந்த அன்று அவள் சொன்னாள், “ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு வைச்சிட்டு உங்களை நினைப்பன், நீங்களும் நினையுங்கோ” என்று. சினிமாத்தனம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கையில் கட்டும் மணிக்கூட்டை அவளுடைய நேரத்துக்கு வைக்க முடியாது. காவலரணில் அந்த அரை மணி கண்ணில் பட்டால் நான் எங்கே மனசை வைத்திருக்கிறேன் என்று வேறு கேட்கத் தேவையில்லை. ஆகவே கையில் அரசாங்க நேரம் கட்டினேன். அறையில் இருந்த கம்பியூட்டருக்குள் அவளுடைய நேரத்தை வைத்தேன். திரையின் மூலையில் ஆறு என்று வரும்போது அங்கே அவள் விளக்கு வைக்கிறாள். அது எனக்கும் அவளுக்கும் இடையிலான விஷயம், கம்பியூட்டருக்கு அதில் என்ன வந்தது என்று நினைத்தேன்.

கம்பியூட்டருக்கு அதில் எல்லாம் வந்தது. கேர்னல் ஆயிரக்கணக்கான கோப்புகளால் ஆனது. எதை மறுபடி கொம்பைல் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஒரு நிரல் இருக்கிறது. அது உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டும் பார்க்கும். நான் எழுதியது பிந்தியதா, கொம்பைல் செய்து வைத்தது பிந்தியதா? எழுதியது பிந்தியது என்றால் திரும்பச் செய்யும்; இல்லையென்றால் தொடாது. வகுப்பில் அரசாங்க நேரம் ஐந்து இருபதுக்குக் கொம்பைல் செய்துவிட்டு, ஐந்தரைக்கு இறங்கி, பதினைந்து நிமிடம் நடந்து அறைக்கு வந்து திருத்துவேன். அறைக் கம்பியூட்டரில் அப்போது ஐந்து பதினைந்து. என் திருத்தம் அதன் கணக்கில் முந்தியது, பழசு. அதை அது பார்க்கவே இல்லை. குளித்துவிட்டு வந்து ஆறு மணிக்குப் பிறகு நான் செய்த அரைகுறை யோசனைகளை மட்டும் மரியாதையாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் வழியில் உதித்த நல்ல புத்தி வீணாகி, குளித்தபின் வந்த கெட்ட புத்தி அரங்கேறியது. இன்றைக்கு மழை என்னைப் பிந்த வைத்தது. அதனால்தான் திருத்தம் பலித்தது.

செய்யவேண்டியது என்னவென்று தெளிவாகத் தெரிந்தது. அறைக் கம்பியூட்டரை அரை மணி முன்னே தள்ளி, கண்ட திருத்தங்களை எல்லாம் துடைத்து, மூலநிரலைப் புதிதாக எடுத்து, இந்த ஒரு திருத்தத்தை மட்டும் போட்டு, முழுவதையும் தொடக்கத்தில் இருந்து கொம்பைல் செய்வது. ஒரு சின்னக் கட்டளை; இரண்டு எண்ணை மாற்றினால் போதும். கை வரவில்லை. அவளிடம் இருந்து எனக்கு மிஞ்சியிருந்தது அந்த அரை மணிதான் என்று பட்டது. அழுதேன். பிறகு, அவளே வரப்போகிறாள், இனி இது எதற்கு என்று சொல்லிக்கொண்டு மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டில் இருந்து இரண்டரை வரை ஜும்மாவுக்காக வகுப்பு இல்லை. வழக்கமாக அந்த நேரம் கதவு பூட்டியிருக்கும்; இந்தமுறை முதலாளியிடம் கேட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தனியே இருந்து ஓடவிட்டேன். ஒட்டும் கட்டம் வந்தபோது கதிரையில் இருந்து எழுந்து நின்றேன். ஒட்டியது. புதிய கேர்னல் ஏறியது. கார்ட்டில் பச்சை விளக்கு மின்னியது. முதலாளி பள்ளிவாசலால் திரும்பி வந்தபோது பன்னிரண்டு மெசினிலும் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். “மாஷா அல்லாஹ்” என்று என் தோளில் தட்டினார். பார்ட்னருக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு மேசையில் இருந்து கடிதத்தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

“பேர சொல்லுங்க. எத்தின பேர் வாற?”

கேள்வி அவ்வளவுதான். அவளுடைய தகப்பன் நினைவுக்கு வராமல் இல்லை. அவளுடைய எல்லாக் கடிதத்திலும் அவர் இருந்தார். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை, அப்பாவுக்கு மருந்து கிடைக்கவில்லை, அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அந்த வரிகளை நான் கடகடவென்று தாண்டி, என்னைப் பற்றி எழுதிய இடத்துக்கு வருகிறவன். இரண்டு பேர் என்றால் இந்தப் பயந்த மனுசன் பேனாவை மூடிவிடுவார் என்று நினைத்தேன். அப்படித்தான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்த ஓரறைக்குள் எனக்கு அவள் மட்டும்தான் வேண்டியிருந்தாள். இருபத்திரண்டு நாள் வாழ்ந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நியாயமும் வைத்திருந்தேன். தகப்பனைப் பார்க்க அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஒராள்தான். மனுசி மட்டும்” என்றேன்.

சனிக்கிழமை விடிய ஊர்க்காரர் கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினார். நான் அறையைக் கழுவினேன். வீட்டுக்கார அக்காவிடம் இன்னொரு தலையணை கேட்டேன். “ஆளு வர்றாங்களா? வரட்டும், வரட்டும்” என்று புதிய உறை போட்டுத் தந்தார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. அவளுடைய எழுத்தைக் கண்டதும் நின்ற இடத்திலேயே பிரித்தேன். “கடிதம் கிடைத்தது. வேலை நிரந்தரமானதில் அப்பாவுக்கும் எனக்கும் நல்ல சந்தோஷம். அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பாவை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் எப்படி வருவது? நீங்கள் மறந்துபோனீர்கள் என்று அப்பா சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். முதலாளியிடம் கேட்டு இரண்டு பேருக்கு எழுதி அனுப்புங்கள்.” வேறு ஒன்றும் எழுதவில்லை. ஒரு குறை சொல்லவில்லை.

கடிதத்தைக் கொண்டு மாடிக்கு ஓடினேன். முதலாளி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

“நான் அண்டெக்கே கேட்டேனே தம்பி, எத்தின பேரெண்டு. ரெண்டெண்டு சொல்லியிருந்தா ரெண்டு பேரெயும் போட்டிருப்பேனே” என்றார்.

உடனேயே இன்னொரு கடிதம் எழுதித் தந்தார். இரண்டு பெயரோடும். ஊர்க்காரர் போய்விட்டார், தபாலில்தான் போட்டேன். அந்த மாதம் சண்டை மூண்டது, பாதை அடைபட்டது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் பன்னிரண்டு மெசினும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறக்க ஒரு வருடம் எடுத்தது. திறந்தபிறகு ஒருவருடைய கடிதமும் தேவைப்படவில்லை. யாரும் வரலாம், எத்தனை பேரும் வரலாம். கண்டி பஸ் நிலையத்தில் காலை ஐந்து மணியில் இருந்து நின்றேன். வவுனியா பஸ் வந்தது. எல்லாரும் இறங்கிய பிறகு அவள் இறங்கினாள், கையில் ஒரு பையோடு. என் கண் தன்னையறியாமல் அவளுக்குப் பின்னால் பஸ்ஸின் படியைப் பார்த்தது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“மார்கழியிலேயே போயிட்டார்” என்றாள். “நான் மட்டும்தான்.”